மருந்து தரும் நடுக்கம்: சட்டத்தில் உண்டு, பட்டியலில் இல்லை

புது தில்லி: மனநல சிகிச்சை மசோதா 2017 மார்ச் 27-ஆம் தேதி மக்களவையில் நிறைவேறியபோது, தற்கொலைக்கு முயன்றவருக்குத் தண்டனை இல்லை என்பதே தலைப்புச் செய்தியாயிற்று. இக்கட்டுரையாளர் அனுப்பிய செய்தியும் அதற்கு விலக்கல்ல. அச்சட்டத்தின் 22-வது பிரிவு அதிகம் பேசப்படவில்லை. அளிக்கப்படும் சிகிச்சை என்ன, அதன் பக்கவிளைவுகள் எவை என்று அறியும் உரிமையை நோயாளிக்கும் அவரது நியமனப் பிரதிநிதிக்கும் அது வழங்குகிறது.

மனச்சிதைவு நோய்க்குப் பல்லாண்டுகளாகத் தரப்படும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் மூளையில் டோபமைனின் செயலைத் தடுக்கின்றன. பிரமைகள் அடங்குகின்றன, கூடவே உடலின் அசைவும் பாதிக்கப்படுகிறது. சிலருக்கு முதல் சில நாள்களிலேயே கழுத்து ஒருபுறம் இழுத்துக்கொள்ளும். உடனே ஊசி போட்டால் சரியாகிவிடும். சிலருக்குப் பார்க்கின்சன் நோய் போலக் கைநடுக்கமும் விறைப்பும் வரும். வேறு சிலரால் ஓரிடத்தில் உட்காரவே இயலாது. இதை நோய் முற்றியதாகத் தவறாகக் கருதி மருந்தின் அளவைக் கூட்டினால் அவதி இன்னும் பெருகும். அளவைக் குறைப்பதோ, மருந்தை மாற்றுவதோ, புரோப்ரனலால் தருவதோதான் வழி.

மாதங்கள், ஆண்டுகள் கழித்து வாய், நாக்கு, தாடை தாமாக அசையத் தொடங்குவதே இவற்றுள் கொடியது. நடுக்கத்துக்குத் தரப்படும் டிரைஹெக்சிஃபெனிடில் மாத்திரை இதற்கு உதவாது. நிலைமையை மோசமாக்கவும் கூடும். அச்சத்தில் மருந்தைத் திடீரென நிறுத்தினாலோ அசைவு அதிகரிக்கலாம், பழைய நோயும் திரும்பலாம்.

இக்கோளாறுக்கென வால்பெனசின், டியூடெட்ராபெனசின் ஆகிய இரு மருந்துகளுக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்ததும் அதே 2017-இல்தான். அவற்றுக்கு முந்தைய டெட்ராபெனசின் இந்தியாவில் கிடைக்கிறது. ஆனால், 2022 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட 384 அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் அது இடம்பெறவில்லை. ஹாலோபெரிடாலும் டிரைஹெக்சிஃபெனிடிலும் இடம்பெற்றுள்ளன.

இது வெறும் பட்டியல் விவகாரமன்று. பட்டியலிலுள்ள மனநோய் மருந்துகள் சமூக சுகாதார நிலையம் முதல் மேல்நிலை அரசு மருத்துவமனைகள் வரை எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 18-வது பிரிவு. ஆக, பாதிப்பை உண்டாக்கக்கூடிய மருந்து இலவசம். பாதிப்பைத் தணிப்பதற்கு அந்த உத்தரவாதம் இல்லை. இதைச் சீராக்கச் சட்டத் திருத்தம் தேவையில்லை. சுகாதார அமைச்சகம் பட்டியலை அடுத்த முறை திருத்தும்போது ஒரு வரி சேர்த்தால் போதும்.

சேவைக் குறைபாடு குறித்து மருத்துவமனைப் பொறுப்பு அதிகாரியிடமும் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் புகார் அளிக்க 28-வது பிரிவு வழிவகுக்கிறது. மகனின் வாய் கோணுவது மருந்தினால்தான் என்று தாயிடம் எவரும் சொல்லாதவரை, அவர் எதைப் புகாராக எழுதுவார்?