தீவுக்குத் தீவு வேறு

பள்ளியில் விலங்கியல் கற்ற எவரும் கரும்பலகையில் ஆசிரியர் வரைந்து காட்டிய சில குருவித் தலைகளை மறந்திரார். ஒன்றன் அலகு விதையை உடைக்கத் தக்கதாய்த் தடித்தது; மற்றொன்றனது பூச்சியைப் பற்றத் தக்கதாய் மெலிந்தது; இன்னொன்றனது கிளியின் அலகுபோல வளைந்தது. கூர்ப்புக் கொள்கைக்குச் சான்றாக அவற்றை நாம் குறிப்புப் புத்தகத்தில் வரைந்தோம், பரீட்சையிலும் எழுதினோம். ஆயின், அக்குருவிகள் வாழும் நிலம் எத்தகையது, அங்கு செல்வோர் காண்பன யாவை, அந்நிலம் இன்று எதிர்நோக்கும் இடர் யாது என்பனவற்றை நம்மிற் பலர் வினவியதில்லை. கலாபகஸ் தீவுகளைச் சிறு கப்பலிற் சுற்றிவரும் எட்டு நாட் பயணத்தைத் துணையாகக் கொண்டு அவற்றை ஈண்டு ஆராய்வோம்.

தென்னமெரிக்காவில் ஈக்குவடோர் நாட்டின் கரையிலிருந்து மேற்கே ஏறக்குறைய 1000 கிலோமீற்றர் தொலைவில், பசுபிக் சமுத்திரத்தின் நடுவே, மத்திய கோட்டின் இருமருங்கும் இத்தீவுகள் அமைந்துள்ளன. பெருந்தீவுகள் 13, சிறு தீவுகளும் பாறைகளும் பல. இவற்றுள் எதுவும் என்றேனும் பெருநிலத்தோடு ஒட்டியிருந்ததன்று. யாவும் கடலடியிலிருந்து எழுந்த எரிமலைகளின் உச்சிகளே. பூமியின் ஆழத்திலுள்ள வெப்பமிக்க இடமொன்றன் மீது கடலடித் தட்டானது மெல்லக் கிழக்கு நோக்கி நகர்கின்றது. அவ்விடத்துக்கு மேலே புதிய தீவுகள் தோன்றுகின்றன. பழையன கிழக்கே விலகித் தேய்கின்றன. ஆதலின் கிழக்கேயுள்ள எஸ்பனோலாவும் சன் கிறிஸ்தோபலும் சில மில்லியன் ஆண்டு வயதுடைய முதியன. மேற்கேயுள்ள பெர்னாண்டினா மிக இளையது. அதன் எரிமலை 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலும் தீக்குழம்பைக் கக்கியது. கிழக்கிலிருந்து மேற்கே கப்பலிற் செல்வோர் ஒரு தீவின் முதுமையையும் பிறப்பையும் ஒரே கிழமையிற் கண்டுவிடலாம்.

பயணம் பெரும்பாலும் பல்த்ராவிலுள்ள விமான நிலையத்திலோ சன் கிறிஸ்தோபலிலோ தொடங்குகின்றது. இங்கு உலாவரும் கப்பல்களில் 100 பயணிகளுக்கு மேல் ஏற்றல் ஆகாது. பலவற்றில் 16 பேரே உளர். இரவிற் கப்பல் ஓடும். விடியும்போது வேறொரு தீவின் அருகே நங்கூரமிட்டு நிற்கும். சிறு இறப்பர்ப் படகொன்று நம்மைக் கரைசேர்க்கும். சில இடங்களிற் பாறைமீது கால் நனையாது இறங்கலாம். சில இடங்களில் முழங்காலளவு நீரில் இறங்கி மணலுக்கு நடத்தல் வேண்டும். தேசியப் பூங்காவின் அனுமதி பெற்ற வழிகாட்டி ஒருவர் முன்செல்வார். குறித்த பாதையை விட்டு விலகலாகாது.

பெர்னாண்டினாவின் கரையில் இறங்குவோமாயின், முதலில் நாம் காண்பது கரும் பாறையே. சற்று உற்று நோக்கிய பின்னரே அப்பாறையின் பாதி உடும்பையொத்த கடல் இகுவானாக்கள் என்பது புலனாகும். உலகில் வேறெங்கும் கடலில் மேயும் பல்லியினம் இல்லை. அவை நீருள் மூழ்கிப் பாசியை உண்டு, கரையேறி வெயிலிற் காய்ந்து, உடலில் மிகுந்த உப்பைத் தும்மி வெளியேற்றுகின்றன. அருகே நீர்க்காகமொன்று குறுகிய சிறகுகளை விரித்து உலர்த்துகின்றது. அச்சிறகுகளால் அது பறத்தல் இயலாது. கரையிலே பகை விலங்கு இல்லாமையாலும், உணவு முழுவதும் கடலிற் கிடைத்தமையாலும் அவ்வினம் பறத்தலை மறந்தது. பெர்னாண்டினாவிலும் அயலிலுள்ள இஸபெலாவிலுமன்றி அதனை வேறெங்கும் காணுதற்கில்லை. மத்திய கோட்டின் கீழ்ப் பென்குவின் நீந்துதலும் இங்கேதான். தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் குளிர்நீரோட்டமும், மேற்கிலிருந்து ஆழத்தில் வந்து தீவுகளில் மோதி மேலெழும் குரொம்வெல் நீரோட்டமும் அதற்கு ஏதுக்களாம்.

இனி, எஸ்பனோலாவுக்குச் செல்வோமாயின் காட்சி முற்றும் வேறாகும். அங்கே இகுவானாக்கள் இனப்பெருக்கக் காலத்திற் சிவப்பும் பச்சையுமாகத் தோன்றும். ஏப்ரல் முதல் டிசெம்பர் வரை அலையுரு அல்பற்றோஸ் பறவைகள் அங்கு கூடுகின்றன. அவ்வினத்தில் ஏறக்குறைய எல்லாம் குஞ்சு பொரிப்பது அவ்வொரு தீவிலேதான். வடக்கே ஜெனொவேசாவிலோ செங்காற் பூபிப் பறவைகள் மரக்கிளைகளிற் கூடு கட்டியிருக்கும். ஓரிரவு ஓடும் தொலைவுதான். எனினும் ஒரு தீவிற் கண்டது மறு தீவில் இல்லை. இப்பயணம் புகட்டும் முதற் பாடம் இதுவே.

இப்பாடத்தைப் பேரறிஞர் டார்வினும் எளிதிற் கற்றாரல்லர். 1835ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் பீகிள் என்னும் கப்பலில் அவர் வந்தபோது அவருக்கு வயது 26. தீவுகளிடையே கப்பல் ஐந்து கிழமை உலாவிற்று. அவர் நான்கு தீவுகளில் மாத்திரம் இறங்கினார். ஆமையின் ஓட்டைப் பார்த்தே அஃது எத்தீவினது என்று தம்மாற் கூற முடியுமென அங்கிருந்த அதிகாரி ஒருவர் அவரிடம் கூறினார். டார்வின் அதனை அப்பொழுது பொருட்படுத்தவில்லை. தாம் சேகரித்த குருவிகளுட் பெரும்பாலானவற்றில் எத்தீவில் எடுத்தவை என்ற குறிப்பையும் எழுதி வைக்கவில்லை. கப்பலிற் பல ஆமைகள் உணவுக்கென ஏற்றப்பட்டன. திரும்பும் வழியில் அவற்றைச் சமைத்து உண்டு, ஓடுகளைக் கடலில் எறிந்தனர். தமது பெருங் கொள்கைக்குச் சான்றாகக் கூடியவற்றை அவர் கண்முன்னே கடல் விழுங்கிற்று!

1837இல் இலண்டனிற் பறவையியல் வல்லுநர் ஜோன் கூல்ட், அக்குருவிகள் யாவும் தம்முள் உறவுடைய வெவ்வேறு இனங்கள் என எடுத்துக்காட்டினார். அதன் பின்னரே டார்வின் தமது தவறுணர்ந்து, உடன் வந்த ஏனையோர் முறையாகக் குறித்து வைத்த பறவைகளைத் தேடலானார். மொக்கிங் பறவைகளை மாத்திரம் தீவு வாரியாகக் குறித்திருந்தமை அவருக்குப் பேருதவியாயிற்று. 1859இல் அவருடைய நூல் வெளிவந்தது. குறுகிய பயணமும் பயன் தரும் என்பதற்கும், குறித்து வையாத காட்சி பாதி இழந்த காட்சி என்பதற்கும் இவ்வரலாறு ஒருங்கே சான்றாகின்றது.

குருவியிற் கண்ட வேறுபாடு ஆமையிலும் உண்டு. மேகம் தவழும் மேட்டு நிலங்களில் புல் மேயும் ஆமைகளின் ஓடு கவிகை போன்றது. வறண்ட தீவுகளில் வாழ்வனவற்றின் ஓடு முன்புறம் சேணம்போல் உயர்ந்தது. கழுத்தை மேல்நோக்கி நீட்டிக் கள்ளிச் செடியை எட்டுதற்கு அவ்வமைப்பு உதவுகின்றது. உணவும் நீருமின்றிப் பன்மாதம் உயிர்வாழும் இயல்பே அவ்வாமைகளுக்கு எமனாயிற்று. திமிங்கில வேட்டைக் கப்பல்கள் அவற்றை உயிருடன் அடுக்கி, கெடாத இறைச்சியாகக் கொண்டு சென்றன. இவ்வாறு அழிந்தவை ஒரு லட்சத்துக்கு மேற்படும் என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பு.

மனிதன் எடுத்துச் சென்றதிலும் கொடியது அவன் விட்டுச் சென்றது. ஆடு, பன்றி, எலி என்பன பின்தங்கிப் பெருகின. 1959ஆம் ஆண்டிலே ஈக்குவடோர் அரசு இத்தீவுகளைத் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்தது. அதே ஆண்டில், மீனவர் சிலர் பிந்தா என்னும் தீவில் மூன்று ஆடுகளை விட்டனர். சில ஆண்டுகளில் அவை பல்லாயிரமாகிப் பசுமையனைத்தையும் தின்றன. 1971இல் அத்தீவில் ஓர் ஆண் ஆமை மாத்திரம் காணப்பட்டது. தனியன் ஜோர்ஜ் என்று அதற்குப் பெயரிட்டுப் பேணினர். துணை தேடியும் வாய்க்கவில்லை. 2012ஆம் ஆண்டு யூன் 24ஆம் திகதி அஃது இறந்தபோது ஓரினமே முடிவெய்திற்று.

எனினும் முயற்சி முற்றாக வீண்போயிற்று என்பதற்கில்லை. எஸ்பனோலாவில் எஞ்சிய ஆமைகள் 14 மாத்திரமே: பெண் 12, ஆண் 2. அவற்றைச் சாந்த குரூஸ் தீவிலுள்ள நிலையத்துக்குக் கொண்டுவந்து வளர்த்தனர். அமெரிக்க விலங்குக் காட்சிச்சாலையொன்றிலிருந்து மூன்றாவது ஆணும் வந்து சேர்ந்தது. அவற்றின் வழித்தோன்றல்கள் ஏறக்குறைய 2000 தம் தீவுக்கு மீண்டன. 2020ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அம்முதிய பெற்றோர் பதினைவரும் தாய்மண்ணில் விடப்பட்டனர். பதினைந்து உயிர்களைப் பேணினமையால் ஓரினம் பிழைத்தது. ஒன்று மட்டும் எஞ்சும்வரை தாமதித்தமையால் மற்றோரினம் மாய்ந்தது. காலத்தின் அருமைக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இவற்றை அறிந்த பின்னர், பயணிகளுக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகள் தொல்லையாகத் தோன்றா. விதையோ பழமோ மண்ணோ கொண்டு வருகின்றோமா எனப் பொதிகள் சோதிக்கப்படும். கரையிலிருந்து படகேறுமுன் காலில் ஒட்டிய மணலைக் கழுவுதல் வேண்டும். ஒரு தீவின் விதை மறு தீவுக்குச் செல்லலாகாது. விலங்குகளுக்கு இரண்டு மீற்றருக்குள் நெருங்கலாகாது. கடற்சிங்கக் குட்டி தானே நம்மிடம் வந்து முகர்ந்தாலும் கையை நீட்டலாகாது. நம்மைக் கண்டு அவை அஞ்சாமைக்குக் காரணம் நமது நற்குணமன்று. அஞ்சக் கற்பிக்கும் பகை விலங்குகள் அவற்றின் முன்னோரை நெருக்கியதில்லை என்பதே. ஒரு வழிகாட்டியுடன் 16 பேருக்கு மேல் இறங்கலாகாது.

இத்தனை இருந்தும் ஐயம் தீர்ந்தபாடில்லை. ஆண்டொன்றுக்கு மூன்று லட்சம் வரையில் மக்கள் இத்தீவுகளைக் காண வருகின்றனர். அங்கு வாழும் 30,000 பேரளவினரின் பிழைப்புக்கும் பாதுகாப்புச் செலவுக்கும் அவர்கள் தரும் பணம் துணையாகின்றது. பிறநாட்டார்க்குரிய நுழைவுக் கட்டணம் 2024ஆம் ஆண்டு ஓகஸ்டில் 100 டொலரிலிருந்து 200 டொலராக உயர்ந்தது. ஆயினும் அவர்களுக்காக வரும் விமானமும் சரக்குக் கப்பலுமே புதிய பூச்சிகளுக்கும் களைகளுக்கும் வழி திறக்கின்றன. வெளியிலிருந்து புகுந்த ஈயினமொன்று குருவிக் கூடுகளில் முட்டையிட, அதன் புழுக்கள் குஞ்சுகளின் குருதியை உறிஞ்சுகின்றன. கரும்பலகையிற் கண்ட அக்குருவிகள் அந்த ஈயினால் இன்று நலிகின்றன. காக்கும் கையும் கெடுக்கும் கையும் ஒருவனுடையனவே.

கலாபகஸின் செல்வம் அதன் ஆமையன்று, குருவியன்று; தீவுக்குத் தீவு வேறாயிருக்கும் அவ்வேறுபாடே என்பது எமது துணிபு. கடலின் தனிமை பல்லாயிரம் தலைமுறைகளாகச் செதுக்கிய வேறுபாட்டை ஒரு மூட்டை விதையும் மூன்று ஆடுகளும் அழிக்க வல்லன. செல்லும் வாய்ப்புடையோர் காலைக் கழுவி ஏறுக. கண்டதை இடமும் நாளும் தவறாது குறித்து வருக. செல்ல வாய்ப்பில்லாதோர் வருந்துதற்கில்லை. அடுத்த முறை ஒரு மாணவன் அக்குருவித் தலைகளை வரையக் காணின், ஒவ்வொன்றன் கீழும் அது வாழும் தீவின் பெயரையும் எழுதுமாறு அவனுக்குக் கூறுவோமாக. டார்வின் எழுதத் தவறியது அதுவே.