கரும்புப் பாரம் இழுக்க எந்த டிராக்டர் ஏற்றது?

வெட்டிய கரும்பை 24 மணி நேரத்திற்குள் அரைவைக்குச் சேர்த்தால்தான் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையாமல் இருக்கும். வெட்டு உத்தரவு வந்த அன்று பாரம் ஏற்றிய டிரெய்லர் வயலிலேயே புதைந்து நின்றுவிட்டால், பத்து மாதப் பாடு ஒரே நாளில் நட்டத்தில் முடியும். பாலத்து இறக்கத்தில் பாரம் டிராக்டரைத் தள்ளிவிட்டால் நட்டம் பணத்தோடு நிற்பதில்லை. ஆகவே பாரம் இழுப்பதற்கென டிராக்டர் வாங்கும் விவசாயிகள், குதிரைத்திறனை மட்டும் பார்த்து முடிவு செய்தல் கூடாது.

பாரத்தின் கணக்கு

நான்கு சக்கர டிரெய்லரின் எடை 2 டன், அதில் ஏற்றும் கரும்பு 6 டன் என்று கொள்வோம். இழுக்க வேண்டிய மொத்தப் பாரம் 8 டன். டிராக்டரின் எடை 2 டன் சேர்த்தால் 10 டன் ஆகிறது.

சமமான தார் ரோட்டில் ஒரு டன்னை உருட்டிச் செல்லச் சுமார் 20 கிலோ இழுவிசை போதும். 10 டன்னுக்கு 200 கிலோ. இதைச் சிறிய டிராக்டரே எளிதில் தரும். ஆனால் ஈரமுள்ள வயலில் ஒரு டன்னுக்கு 100 கிலோவும் அதற்கு மேலும் தேவைப்படும். அங்கே 8 டன் டிரெய்லரை நகர்த்த 800 கிலோ இழுவிசை வேண்டும்.

2 டன் டிராக்டரின் பின் சக்கரங்களில் சுமார் 1,250 கிலோ எடை இறங்குகிறது. ஈர மண்ணில் இதில் ஏறக்குறைய 40 சதம், அதாவது 500 கிலோ அளவே பிடிப்பாகக் கிடைக்கும். தேவையோ 800 கிலோ. எஞ்சினில் எவ்வளவு சக்தி இருந்தாலும் சக்கரம் வழுக்கிச் சுற்றுமே தவிர வண்டி நகராது. குறை குதிரைத்திறனில் இல்லை. எடையிலும் பிடிப்பிலும் இருக்கிறது.

இதற்கு வழி உண்டு. வயலுக்குள் இரண்டரை டன்னுக்கு மேல் ஏற்றாமல் ரோட்டோரம் கொண்டு வந்து, மீதியை அங்கே ஏற்றலாம். அப்போது 450 கிலோ இழுவிசையே போதும். பின் டயர்களில் முக்கால் பாகம் வரை தண்ணீர் நிரப்புவதும், சக்கரங்களில் இரும்பு எடை மாட்டுவதும் பிடிப்பைக் கூட்டும்.

ஏற்றமும் வேகமும்

20 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் ஒவ்வொரு டன்னுக்கும் 50 கிலோ கூடுதல் விசை தேவை. மேற்படி 10 டன்னுக்கு மொத்தம் 700 கிலோ. இதை மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றச் சக்கரங்களில் சுமார் 47 குதிரைத்திறன் வேண்டும். 9 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் அதில் பாதி போதும். எனவே 35 குதிரைத்திறன் டிராக்டரும் சின்ன கியரில் இந்த ஏற்றத்தை ஏறிவிடும், நேரம்தான் கூடும். ஆலை தொலைவில் இருந்து, பருவம் முழுவதும் நடை அடிப்பவர்களுக்கு 45 முதல் 50 குதிரைத்திறன் ஏற்றது. ஆண்டில் சில நாட்கள் மட்டும் பாரம் இழுப்பவர்கள், உழவுக்குப் பொருத்தமான டிராக்டரை வாங்கிக்கொண்டு, கரும்புக்கு வாடகை வண்டி அமர்த்துவதே சிக்கனம்.

நிறுத்தும் திறன்

இழுப்பதைவிட நிறுத்துவதே கடினம். பல டிராக்டர்களில் பின் சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. டிரெய்லருக்குப் பிரேக் இல்லையெனில் 10 டன்னையும் அந்த இரு சக்கரங்களே தாங்கி நிறுத்த வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, பிரேக்கை மிதித்த பிறகும் சமதளத்திலேயே ஏறக்குறைய 25 மீட்டர் ஓடித்தான் நிற்கும். மேற்சொன்ன அளவு இறக்கத்தில் அது இரு மடங்காகும். வேகத்தைப் பாதியாக்கினால் இந்தத் தூரம் கால் பங்காகக் குறையும்.

ஆகவே டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இருப்பது அவசியம். எண்ணெயில் மூழ்கிய பிரேக்குகளில் சேறும் நீரும் புகாததால் நீண்ட நாள் உழைக்கும். ரோட்டில் செல்லுமுன் இரு பிரேக் மிதிகளையும் கொக்கியால் ஒன்றாக இணைத்துவிட வேண்டும். இறக்கத்தில், ஏறிய அதே கியரிலேயே இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது உயிருக்கே ஆபத்து.

இணைப்பில் கவனம்

டிரெய்லரை அதற்கென உள்ள தாழ்வான கொக்கியில்தான் மாட்ட வேண்டும். உயரமான இடத்தில் மாட்டினால் முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருந்தால்தான் ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். இரு சக்கர டிரெய்லர் தன் பாரத்தில் ஒரு பகுதியைக் கொக்கியின் மேல் ஏற்றுவதால் முன்புறம் எடை மாட்டுவது நல்லது.

சேற்றில் சிக்கிய டிராக்டரின் பின் சக்கரத்தில் கட்டையைக் கட்டி முறுக்குவது கூடவே கூடாது. சக்கரம் சுழல முடியாதபோது, டிராக்டரே முன்புறம் தூக்கிக் கண்ணிமைக்கும் நேரத்தில் பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். பாரத்தை இறக்கி, மண்ணை வெட்டி, வேறு டிராக்டரால் முன்புறமிருந்து இழுப்பதே முறை.

வாங்குமுன்

மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் உள்ள மத்தியப் பண்ணை எந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. அந்த அறிக்கையில் எஞ்சின் திறனோடு இழுவைக் கொக்கியில் கிடைக்கும் விசை, எடை, பிரேக்கின் தரம் ஆகியவற்றையும் விற்பனையாளரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். டிரெய்லரையும் முறைப்படி பதிவு செய்து காப்பீடு எடுப்பது அவசியம். இரவில் ஆலைக்குச் செல்லும் வண்டிக்குப் பின்புறச் சிவப்பு விளக்கும் ஒளி திருப்பும் பட்டையும் இருத்தல் வேண்டும். கரும்புத் தோகை அவற்றை மறைக்காதபடி பாரம் கட்டுவதும் முக்கியமாகும்.

ஒரு நடையைக் குறைக்க ஒரு டன் கூடுதலாக ஏற்றுவதால் வரும் ஆதாயம் சிறிது. ஒருமுறை பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால் அதை எந்த ஆதாயமும் ஈடு செய்யாது.