ஒரே ஒரு மூலக்கூறு தரும் வெளிச்சம்

டோக்கன் முறை உள்ள ஒற்றைத் தண்டவாளத்தில் டோக்கன் பந்து டிரைவர் கைக்கு வந்தால்தான் வண்டி புறப்படும். அது அடுத்த ஸ்டேஷன் போய்ச் சேரும் வரை இரண்டாவது வண்டிக்கு வழியில்லை. ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஏறக்குறைய இதே கட்டுப்பாட்டுடன் வெளிச்சத்தை அனுப்பும் விளக்கு ஒன்றை விஞ்ஞானிகள் செய்திருக்கிறார்கள். அந்த விளக்கு, ஒரே ஒரு மூலக்கூறு!

வெளிச்சம் என்பது போட்டான் எனும் ஒளித்துகள்களின் கூட்டம். லேசர் ஒளியை எவ்வளவு மங்கச் செய்தாலும், ஒரு துடிப்பில் ஒன்று வரும், சில சமயம் இரண்டு வரும், பல சமயம் ஒன்றுமே வராது. தனி மூலக்கூறு அப்படியல்ல. லேசர் ஒளியை வாங்கிக்கொண்டு மேல் நிலைக்கு ஏறுகிறது. சில நானோ செகண்டில் ஒரு போட்டானை விட்டுவிட்டு இறங்குகிறது. (செகண்டை 100 கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோ செகண்டு.) மறுபடி ஏறினால்தான் அடுத்தது. இரண்டை ஒருசேர விட அதனால் முடியாது.

தனி மூலக்கூறை வைத்து யாரும் சோதனை செய்வதில்லை என்று 1952-ல் எழுதினார் ஷ்ரோடிங்கர். பெரிய மேதைதான், ஆனாலும் 1989-ல் கலிபோர்னியாவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் மோர்னரும் காடோரும் படிகத்துக்குள் ஒரு பென்டசீன் மூலக்கூறைத் தனியே அடையாளம் கண்டார்கள். மறு வருஷமே பிரான்சில் போர்தோ நகரில் ஓரிட், பெர்னார் இருவரும் அதன் ஒளிர்வையே பிடித்துக் காட்டினார்கள். போட்டான்கள் ஒவ்வொன்றாகவே வருகின்றன என்பது 1992-ல் நிரூபணமாயிற்று.

இதனால் என்ன லாபம்? ரகசியம் காப்பதுதான். ஒற்றைப் போட்டான்களில் ரகசியச் சாவியை அனுப்பும் முறையை 1984-ல் பென்னட்டும் பிரசார்டும் வகுத்தார்கள். துடிப்பில் இரண்டு போட்டான் இருந்தால் திருடன் ஒன்றை அமுக்கிக்கொண்டு மற்றதை அனுப்பிவிடுவான். ஒன்றே ஒன்று என்றால்? கார்பன் பேப்பர் வைத்து நகல் எடுக்க இயற்கை இடம் கொடுப்பதில்லை; தொட்டால் தடயம் விழும்.

இப்போது அதிகம் பயன்படும் சாயத்தின் பெயர் டைபென்ஸோடெரிலின். அதை ஆந்த்ரசீன் படிகத்தில் பதிக்கிறார்கள். ஆந்த்ரசீன் என்றதும் மலைக்க வேண்டாம். நிலக்கரித் தாரிலிருந்து கிடைப்பது. பீரோவில் போடும் அந்துருண்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரன்!

சிக்கல் குளிரில் இருக்கிறது. குவாண்டம் கம்ப்யூட்டருக்குப் போட்டான்கள் எல்லாம் ஒரே அச்சாக இருக்க வேண்டும். அதற்குப் படிகத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே 270 டிகிரி அளவுக்குக் குளிர வைக்கிறார்கள். அறை வெப்பத்திலும் ஒற்றைப் போட்டான் வருகிறது, 2000-ல் லூனிஸும் மோர்னரும் செய்து காட்டினார்கள். ஆனால் நிறம் ஒரு நிலையில் நிற்பதில்லை. போதாக்குறைக்கு, மூலக்கூறு ஒரே திசையில் ஒளி வீசுவதில்லை. சிதறும் போட்டான்களை ஒரே வழியில் திருப்ப, தலைமுடியைவிட மெல்லிய ஒளிக்குழாய்களை அதன் பக்கத்திலேயே பதித்துப் பார்க்கிறார்கள்.