பேனாவை நசுக்க வேண்டாம்

வலது கையில் ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். இடது உள்ளங்கையை வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே, கையின் உட்புறத்தில் வைத்துப் பிடித்தபடி உங்கள் பெயரை அழுத்தி எழுதுங்கள். தோலுக்கு அடியில் ஏதோ நெளிவதும் இறுகுவதும் தெரியும். எழுத்து விழுவது பேனா முனையில், ஆனால் உழைப்பின் பெரும்பகுதி நடப்பது ஒரு சாண் தள்ளி, முன்கையில்.

விரல்களை மடக்கவும் நீட்டவும் செய்கிற பெரிய தசைகள் விரல்களில் இல்லை. அவை முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீளும் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரல் எலும்புகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. பொம்மலாட்டத்தில் ஆட்டுகிறவர் திரைக்குப் பின்னால் நிற்பதுபோலத்தான். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகளும் அவற்றின் குறுக்கே இழுத்துக் கட்டிய தடித்த நாரும் சேர்ந்து ஒரு குறுகிய வழியை உண்டாக்குகின்றன. ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. நுட்பமான அசைவுக்கென்று உள்ளங்கையிலும் கட்டைவிரல் மேட்டிலும் சிறு தசைகள் தனியாக உண்டு. அழகாக எழுத உதவுபவை இந்தச் சின்னத் தசைகள். பேனாவை நசுக்குவதில் முன்கையின் பெரிய தசைகளும் வந்து சேர்ந்துகொள்கின்றன. ஒரு தசை விடாமல் இறுகியே இருந்தால் அதற்குள் ஓடும் ரத்தக்குழாய்கள் நெரிபடும், ரத்த ஓட்டம் குறையும், தசை சோர்ந்து வலிக்கும். மூன்று மணிநேரப் பொதுத்தேர்வின் கடைசி அரைமணியில் கையை உதறிக்கொண்டு எழுதும் பிள்ளைகளுக்கு நேர்வது இதுதான்.

இந்த வலி புதிதல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாஸ்ஸினி, தொழிலால் வரும் நோய்களைப் பற்றிய தம் நூலின் 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களையும் சேர்த்தார். அவர் சொன்ன காரணங்கள் மூன்று: உட்கார்ந்தே இருப்பது, கை ஓயாமல் ஒரே திசையில் அசைவது, கணக்கில் பிழை வந்துவிடக் கூடாதே என்ற மன இறுக்கம். மூன்றாவதை நாம் அநேகமாக மறந்துவிட்டோம். பயந்துகொண்டு எழுதுகிறவர் பேனாவை இறுக்கித்தான் பிடிப்பார்.

இன்னொரு சோதனை. கையை இறுக மூடிக்கொண்டு, மூடியபடியே மணிக்கட்டை உட்பக்கமாக மடக்கிப் பாருங்கள். முஷ்டி தானாகத் தளரும். தசைநாண்களின் நீளம் அவ்வளவுதான், உள்ளே மடங்கிய மணிக்கட்டில் விரல்களுக்குப் பிடி போதாது. அப்படி மடக்கிக்கொண்டு எழுதுகிறவர் அந்தக் குறையை ஈடுகட்டக் கூடுதலாக அழுத்துகிறார். மணிக்கட்டு புறங்கைப் பக்கமாகக் கொஞ்சம் நிமிர்ந்து, சுண்டுவிரல் பக்கத்துச் சதை தாளில் படிந்திருக்கும் நிலையே கைக்குச் சுகம். இதற்கு எளிய உபாயம் தாளைச் சாய்ப்பது. வலக்கைக்காரர் தாளின் மேற்பகுதி இடப்பக்கம் சாயும்படியும், இடக்கைக்காரர் வலப்பக்கம் சாயும்படியும் வைத்துக்கொள்ளலாம். 'நோட்டை நேராக வை' என்று அதட்டுவதில் ஒரு நன்மையும் இல்லை. பழைய கடைகளில் கணக்குப்பிள்ளைகள் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதிய சாய்வு மேசை, இன்று நாம் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பல மேசைகளைவிட மணிக்கட்டுக்கு இதமானது. முழங்கைக்கு மேல் உயர்ந்து நிற்கும் சாப்பாட்டு மேசையில் எட்டு வயதுப் பிள்ளையை உட்காரவைத்தால், அது தோளைத் தூக்கிக்கொண்டுதான் எழுதும்.

சரி, எப்படித்தான் பிடிப்பது? கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்க, நடுவிரல் கீழே தாங்க, முனையிலிருந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் தள்ளிப் பிடிப்பதுதான் பள்ளிகளில் சொல்லித்தரும் முறை. நல்ல முறைதான், ஆனால் அது ஒன்றே முறை என்பது சரியல்ல. நான்கு விரலால் பிடிப்பவர்கள் உண்டு, கட்டைவிரலைப் பேனாவின் குறுக்கே போட்டுக்கொள்பவர்கள் உண்டு. கனடாவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 120 பேரை வைத்து 2012-ல் வெளியான ஆய்வு ஒன்று, வழக்கத்தில் உள்ள இப்படிப்பட்ட நான்கு பிடிகளை ஒப்பிட்டது. வேகத்திலும் தெளிவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே, வலியில்லாமல் தெளிவாக எழுதும் பிள்ளையின் விரல்களைப் பிரித்து மாற்றி வைப்பது வீண் வேலை. பார்க்க வேண்டியது விரல் எங்கே இருக்கிறது என்பதைவிட எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை. எழுதும்போது நகம் வெளுக்கிறதா? ஆள்காட்டி விரலின் நுனிக்கணு உட்பக்கமாகக் குழிந்து போகிறதா? தாளைத் திருப்பித் தடவினால் எழுத்து புடைத்துக்கொண்டு கையில் தட்டுப்படுகிறதா? பேனாவின் பின்முனையை வேறொருவர் மெல்ல இழுத்தால் வர மறுக்கிறதா? ஆம் என்றால் பிடியைத் தளர்த்த வேண்டும். நடுவிரலில் காய்ப்பு இருப்பதை உழைப்பின் பதக்கமாக நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது வீணான அழுத்தத்தின் தழும்பு.

இந்த அழுத்தம் எங்கிருந்து வந்தது? பாதிப் பழியைப் பேனாவின் மேல் போடலாம். எழுதுகோல் மாறும்போதெல்லாம் பிடியும் மாறியிருக்கிறது. ஓலையில் எழுதியவர்கள் எழுத்தாணியை முஷ்டிக்குள் பிடித்தார்கள். ஓலை இடது கையில் இருக்கும். இடது கட்டைவிரல் நகத்தில் சிறு பள்ளம் வெட்டி அதில் எழுத்தாணியைச் சாய்த்துக்கொள்வதும் உண்டு. வலது கை அதிகம் நகராது, ஓலைதான் நகர்ந்துகொடுக்கும். உ.வே. சாமிநாதையர் தம் சுயசரிதத்தில் மடக்கெழுத்தாணி, வாரெழுத்தாணி, குண்டெழுத்தாணி என்று வகைகளையே சொல்கிறார். ஓலையைக் கீற வேண்டியிருந்ததால் அங்கே அழுத்தம் தேவைப்பட்டது, முஷ்டிப் பிடியும் பொருந்தியது.

மைப்பேனாவின் கதை நேர் எதிர். நிப்பின் நடுவே உள்ள பிளவில் மை நுண்துளை ஈர்ப்பால் தானே இறங்கி நிற்கிறது. தாளைத் தொட்டால் போதும், தாள் உறிஞ்சிக்கொள்ளும். அழுத்தினால் நிப்பு விரிந்து கெட்டுப்போகும் என்பதால், அந்தப் பேனாவே எழுதுகிறவரை அடக்கிவைத்தது. சாய்த்துத்தான் பிடிக்க வேண்டும், மெதுவாகத்தான் தொட வேண்டும்.

பிறகு வந்தது பால்பாயிண்ட். ஹங்கேரியப் பத்திரிகையாளர் லாஸ்லோ பிரோ, செய்தித்தாள் அச்சு மை சட்டென்று உலர்வதைக் கவனித்தார். அந்த மை மைப்பேனாவில் ஓடாத அளவுக்குக் கெட்டி. எனவே முனையில் ஒரு சிறு குண்டைப் பொருத்தி, அது உருளும்போது மையைத் தாளில் பூசும்படி செய்து 1938-ல் காப்புரிமை பெற்றார். வேதியியல் அறிந்த அவருடைய அண்ணன் ஜியோர்ஜி மையைச் சரிசெய்ய உதவினார். 1950-ல் பிரான்சின் மார்செல் பிக் அதை மலிவாக்கி உலகெங்கும் பரப்பினார். சட்டையில் கசியாத, மை நிரப்ப வேண்டாத பேனாவை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் குண்டு உருள வேண்டுமானால் தாளில் உராய வேண்டும், உராய வேண்டுமானால் கொஞ்சம் அழுத்த வேண்டும். மிகவும் சாய்த்தால் குண்டைச் சுற்றியுள்ள உலோக விளிம்பு தாளைக் கீறும், அதனால் பேனாவை நிமிர்த்தியும் பிடிக்க வேண்டும். நிமிர்ந்த பிடியும் அழுத்தமும் சேர்ந்து நம் கைப்பழக்கமாகிவிட்டன. ஜப்பானில் 1984-ல் வந்த ஜெல் பேனா இந்தத் தொல்லையைப் பெரிதும் குறைத்தது. அதன் மை சும்மா இருக்கும்போது கெட்டியாகவும், குண்டு சுழலும்போது இளகியும் நடந்துகொள்ளும். ஆனாலும் பழைய பழக்கம் போகாமல், ஜெல் பேனாவையும் தாளில் துளை போடுவதுபோல் அழுத்துகிறவர்களே அதிகம்.

கைவலிக்கும் கிறுக்கலுக்கும் என் முதல் மருந்து, ஒரு மாதம் மைப்பேனாவில் எழுதிப் பார்ப்பதுதான். அது வேண்டாம் என்றால் ஒரு கார்பன் தாள் போதும். நோட்டின் ஒரு தாளுக்கு அடியில் வைத்து, மேல்தாளில் எழுத்து தெளிவாகவும் அடித்தாளில் மங்கலாகவும் விழும்படி எழுதிப் பழகுங்கள். ரசீது போடுகிறவர் செய்வதற்கு நேர்மாறு. ஓரிரு பக்கங்களிலேயே கைக்குச் சேதி புரிந்துவிடும்.

பிடியைச் சரிசெய்வது பாதி வேலை. எழுத்தின் உருவம் விரலில் இல்லை, மூளையில் இருக்கிறது. எம்.ஐ.டி.யில் மார்க் ரெய்பர்ட் என்ற ஆய்வாளர் 1977-ல் ஒரே வாக்கியத்தை வலது கையால், மணிக்கட்டை அசையாமல் கட்டிக்கொண்டு, இடது கையால், பல்லால் கடித்துப் பிடித்து, காலால் என்று ஐந்து விதமாக எழுதிக் காட்டினார். கோணல்மாணல்தான், ஆனால் ஐந்தும் ஒரே ஆளின் கையெழுத்து என்பது பார்த்தாலே தெரிந்தது. (பின்னால் பாஸ்டன் டைனமிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, நடக்கிற, ஓடுகிற இயந்திரங்களைச் செய்தவர் இவர்தான்.) கரும்பலகையில் தோளிலிருந்து கையை வீசி எழுதும் ஆசிரியரின் எழுத்து, அவர் நோட்டில் எழுதுவதைப் போலவே இருப்பதும் இதனால்தான். தமிழ்நாட்டில் 1978-ல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு படித்தவர்களில் பலர் இன்றும் 'லை', 'னை' எழுதும்போது பழைய தும்பிக்கையைப் போடுகிறார்கள். அரசாணை கண்ணுக்கு எட்டிவிட்டது, கைக்கு எட்டவில்லை.

இதிலிருந்து ஒரு பயன் உண்டு. உருவம் மூளையில் இருப்பதால், அதைப் பெரிதாக எழுதியும் திருத்தலாம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மணலில் எழுதவைத்தார்களே, அது காகிதம் இல்லாத குறையால் மட்டும் வந்த ஏற்பாடாக எனக்குத் தோன்றவில்லை. மணலில் முழுக் கையும் அசையும், பேனாவை நசுக்க வழியே இல்லை, சுழி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது நன்றாகப் பதியும். சரியாக வராத எழுத்தைப் பலகையிலோ பழைய செய்தித்தாளிலோ ஒரு சாண் உயரத்துக்கு எழுதிப் பார்த்து, பிறகு நோட்டுக்கு இறங்குவது பெரியவர்களுக்கும் பலன் தரும்.

எல்லா எழுத்தையும் ஒரேயடியாகத் திருத்தப் புறப்பட வேண்டாம். நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தை வேறொருவரிடம் கொடுத்து, தடுமாறிய இடங்களில் வட்டமிடச் சொல்லுங்கள். குற்றவாளிகள் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். தமிழில் முதலாமவர் 'ர'வும் துணைக்காலும். 'ர'வின் கீழே உள்ள சாய்ந்த கோட்டை விட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். அடுத்து 'ண', 'ன' சுழிகள். வேகத்தில் மூன்று சுழி இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்பினால் 'கெட்டான்' 'கேட்டான்' ஆகிவிடுவான். புள்ளியைப் பலர் அடுத்த எழுத்தின் தலையில் வைக்கிறார்கள், சிலர் வைப்பதே இல்லை. ஓலைச்சுவடிகளிலும் பெரும்பாலும் புள்ளி கிடையாதுதான், படித்தவர்கள் ஊகித்துக்கொண்டார்கள். விடைத்தாள் திருத்துகிறவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

தமிழ் எழுத்துகளுக்கு ஒரே அகலம் கிடையாது. 'ர' ஒல்லி, 'ஞ' பருமன். அகலத்தைச் சமமாக்க முயன்றால் எழுத்து நசுங்கும். உயரத்தைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள், இரட்டைக்கோடு நோட்டு அதற்காகத்தான். மேல்விலங்கும் கீழ்விலங்கும் கோட்டைத் தாண்டலாம், உடல் தாண்டக் கூடாது. நிற்கும் கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால், சாய்வு எந்தப் பக்கமானாலும் கண் ஏற்றுக்கொள்ளும். சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுங்கள். இவ்வளவு போதும். முத்துமுத்தாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, படிக்க முடிந்தால் அது நல்ல கையெழுத்து.

இடக்கைப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இடமிருந்து வலம் போகும் எழுத்தில் அவர்களுடைய கை, எழுதிய ஈர மையின் மேலேயே நகரும். பேனாவைச் சற்று மேலே பிடித்து, கையை வரிக்குக் கீழே வைத்து, சட்டென்று உலரும் மையில் எழுதச் சொன்னால் தீர்ந்தது. வலது கைக்கு மாற்றாதீர்கள். எந்தக் கையால் எழுதுகிறவருக்கும், வேறெந்த வேலையிலும் வராத முறுக்கம், பேனாவைத் தொட்டதும் கையில் வந்து விரல்கள் தானாகக் கோணிக்கொண்டால், அது பழக்கக் கோளாறு அல்ல. எழுதுவோர் இசிவு என்னும் நரம்பியல் சிக்கலாக இருக்கலாம், நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்குச் சிகிச்சை உண்டு.

பயிற்சிக்கு நாளொன்றுக்குப் பத்து நிமிடம், நிதானமாக, கை வலிக்கும் முன்பே நிறுத்திவிடுங்கள். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. கையெழுத்து சரியில்லை என்று நூறு முறை இம்போசிஷன் எழுதச் சொல்லாதீர்கள். அவசரத்திலும் வலியிலும் நூறு முறை எழுதுகிற பிள்ளைக்குப் பழகுவது நல்ல எழுத்தல்ல, அந்தக் கெட்ட பிடிதான்.