ஒருவர் எழுத்து, இருவர் கண்



எழுத்து தனிமையில் பிறக்கிறது. ஆனால் தனிமையிலேயே அது முற்றுப்பெற்று விடுவதில்லை. பள்ளியாயினும் அலுவலகமாயினும், ஒருவர் எழுதியதை உடன் பணியாற்றும் மற்றொருவர் படித்துத் திருத்துவது நல்ல வழக்கம். அதன் அருமையை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை; என்னுடைய பிழை ஒன்றிலிருந்து கற்றேன்.

நான் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற முதலாண்டில், கல்வி உதவித்தொகை வேண்டுவோர் ‘அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்’ விண்ணப்பம் தருதல் வேண்டுமென ஓர் அறிவிப்பு எழுதி வகுப்புதோறும் அனுப்பினேன். அன்று செவ்வாய்க்கிழமை. நான் கருதியது மூன்று நாள் கழித்து வரும் வெள்ளியை. மாணவர் பலரோ அதற்கடுத்த வாரத்து வெள்ளி எனக் கொண்டனர். இறுதி நாளன்று குழப்பம் தெரிந்து, ஒவ்வொருவரையும் அழைத்து விண்ணப்பம் வாங்கினோம். அன்று பள்ளிக்கு வாராத ஒரு மாணவன் மட்டும் தவறிப்போனான். அவ்வாண்டு அவனுடைய விடுதிக் கட்டணத்திற்காகத் தந்தையார் கறவைமாட்டை விற்றார் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

சில நாள் சென்றபின் எங்கள் தமிழாசிரியர் என்னிடம் வந்து, “ஐயா, அறிவிப்பைப் படித்தபொழுதே எனக்கு ஐயம் எழுந்தது. தலைமையாசிரியர் எழுதியதை நான் திருத்துவது முறையாகாது என்று வாளா இருந்துவிட்டேன்” என்றார். குற்றம் அவருடையது அன்று. அவரைக் கேளாதிருந்த என்னுடையது.

எழுதியவர் தம் எழுத்தைத் தாமே மீண்டும் படிக்கும்பொழுது, தம் மனத்தில் உள்ளதையே தாளிலும் காண்கிறார். விடுபட்ட சொல்லை நினைவு நிரப்பிக்கொள்கிறது; இருபொருள் தரும் தொடரில் ஒரு பொருளே அவருக்குத் தோன்றுகிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு அல்லவா? மற்றவருக்கோ தாளில் உள்ளதைத் தவிர வேறு துணை இல்லை. ஆகையால் அவருடைய கண்ணுக்குக் குறை எளிதில் புலப்படுகிறது.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்கத் தொல்காப்பியம் அரங்கேறியது என அதன் பாயிரம் கூறுகிறது. புதிய நூல் கற்றோர் அவையில் அவர்தம் தடைகளுக்கு விடை கூறி நிலைபெறுவதே அரங்கேற்ற மரபு. ஒரு நூலுக்குப் பாயிரம் உரைக்கத் தக்கவருள் ‘உடன் கற்றவரையும்’ சேர்த்து எண்ணுகிறது நன்னூல்.

அண்மைக் காலத்திலும் ஒரு பெரிய சான்று உண்டு. அது நம் நாட்டின் அரசியலமைப்புச் சட்டம். அரசியலமைப்பு ஆலோசகர் பி. என். ராவ் ஆக்கிய முதல் வரைவில் 243 பிரிவுகளும் 13 அட்டவணைகளும் இருந்தன. 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் அமைக்கப்பட்ட வரைவுக் குழு, டாக்டர் அம்பேத்கர் தலைமையில் அதனை ஆராய்ந்து, 315 பிரிவுகளும் 8 அட்டவணைகளும் கொண்ட வரைவாக்கியது. அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் போன்ற சட்ட வல்லுநர் அக்குழுவில் இருந்தனர். அவ்வரைவு 1948ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிடப்பட்டு, நாட்டு மக்களின் கருத்துக்கும் விடப்பட்டது. பின்னர் அரசியல் நிர்ணய சபையில் ஏறத்தாழ 7,635 திருத்தங்கள் அறிவிக்கப்பட்டன; அவற்றுள் 2,473 முன்மொழியப்பட்டன. 1949ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் ஏற்கப்பட்டபொழுது சட்டம் 395 பிரிவுகள் உடையதாயிருந்தது. அதற்கு முந்திய நாள் பேசிய அம்பேத்கர், புகழ் முழுவதும் தமக்கே உரியதன்று எனக் கூறி, ராவையும், சிக்கலான கருத்துகளைத் தெளிந்த சட்ட நடையில் வடித்த தலைமை வரைவாளர் எஸ். என். முகர்ஜியையும் பாராட்டினார். சபையில் தம்மை இடையறாது மறுத்துரைத்தவர்களுக்கும் அவர் நன்றி கூறினார் என்பதை நீங்கள் மறத்தலாகாது.

இனி, இப்பணியைச் செய்யும் முறையைக் கூறுகிறேன். எழுதியதை இறுதி நேரத்தில் நீட்டாமல், ஒரு நாளாயினும் முன்னதாகக் கொடுங்கள். கொடுக்கும்பொழுது விளக்கம் கூறாதீர்கள். வாயால் விளக்க வேண்டியது எதுவோ அது தாளில் இருக்க வேண்டியது. படிப்பவர் முதன்முறை எழுதுகோலைத் தொடாமல் முழுவதும் படித்தல் வேண்டும். மறுமுறை, பொருள் விளங்காத இடத்தில் ஒரு கேள்விக்குறி இட்டால் போதும். தம் நடையை அங்கே புகுத்துதல் ஆகாது. செய்திப் பிழையும் பொருள் மயக்கமும் திருத்தப்பட வேண்டியவை. சொல் விருப்பமோ எழுதியவரின் உரிமை. ‘நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் கூறித் திருப்பித் தருவது தாட்சிணியமே தவிர உதவியாகாது.

அந்நிகழ்ச்சிக்குப் பின், எங்கள் பள்ளியில் எந்த அறிவிப்பும் இருவர் படிக்காமல் வெளிச்செல்வதில்லை என்று விதித்தேன். ஒருவர் ஆசிரியர், மற்றவர் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர். முதன்முறை அழைக்கப்பட்ட சிறுவன் நெடுநேரம் தயங்கி நின்றான். பிறகு, “ஐயா, ‘முற்பகலில் வருக’ என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும்?” என்று கேட்டான். நான் எழுதுகோலை எடுத்து, ‘பத்து மணிக்கு’ என்று சேர்த்தேன்.