கம்ப்ரஸர் போச்சா, ரிலே போச்சா?

வீட்டு ஃபிரிட்ஜ் குளிரலைன்னு அம்மா போன் பண்ணினா, "புதுசு வாங்கிடலாம்மா"னு உடனே சொல்லிடாதீங்க. பின்பக்கம் காது கொடுத்துக் கேக்கச் சொல்லுங்க. சில நிமிஷத்துக்கு ஒருமுறை 'டிக்'னு சத்தம் மட்டும் வந்து, கம்ப்ரஸர் ஓடலைன்னா ரிலேயோ ஓவர்லோடோ போயிருக்கலாம். சில நூறு ரூபாய் சமாச்சாரம். அதை மாத்தியும் டிக் நிக்கலைன்னாதான் கம்ப்ரஸர் மேல சந்தேகம்.

கம்ப்ரஸர் ஓடுது, ஆனா குளிர் இல்லைன்னா கேஸ் லீக்கா இருக்கலாம். ஓட்டையை அடைக்காம கேஸ் மட்டும் ஏத்துற மெக்கானிக்கை நம்பாதீங்க, திரும்பவும் அதே கதைதான். ஆர்-600ஏ கேஸ்னா இன்னும் கவனம், அது தீப்பிடிக்கும்.

கம்ப்ரஸரே போயிருந்தா, செலவு புது ஃபிரிட்ஜ் விலையில பாதியை நெருங்குதான்னு பாருங்க. நெருங்கினா, அதுவும் 10 வயசு தாண்டின ஃபிரிட்ஜ்னா, நான் விட்டுடுவேன்.

ஓடுற பழைய ஃபிரிட்ஜுக்கும் ஒரு கணக்கு இருக்கு. எல்லாரும் ஊருக்குப் போறப்ப ஃபிரிட்ஜை மட்டும் ஓட விட்டு, மீட்டர் ரீடிங்கைக் குறிச்சு வைங்க. 2 நாள்ல 5 யூனிட் ஓடியிருந்தா வருஷத்துக்கு 900 யூனிட்டுக்கு மேல. அப்புறம் கடையில புது ஃபிரிட்ஜோட ஸ்டார் லேபிளைப் பாருங்க; வருஷத்துக்கு எத்தனை யூனிட்னு அதுலயே போட்டிருக்கும்.