தேயிலைத் தொழிற்சாலையில் வெப்பக் கட்டுப்பாடும் சக்திச் சேமிப்பும்

மாணவர்களே, நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் வாழும் உங்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலை புதியதன்று. அங்கு கொழுந்திலுள்ள நீரை அகற்றுவதற்கே பெருமளவு சக்தி செலவாகிறது. இச்செலவை இலக்கமுறைத் தொழினுட்பம் எவ்வாறு குறைக்கிறது என்பதை இப்பாடத்தில் நோக்குவோம்.

1. நீரும் வெப்பமும்

100 கிலோகிராம் பச்சைக் கொழுந்தில் 78 கிலோகிராம் நீர் உள்ளதெனக் கொள்வோம். எஞ்சிய 22 கிலோகிராம் திண்மப் பொருளாகும். வாட்டலின்போது ஈரப்பதன் 55% ஆகக் குறைந்தால் கொழுந்தின் நிறை ஏறத்தாழ 49 கிலோகிராம். 3% ஈரப்பதனுள்ள தேயிலையாக அது மாறும்போது நிறை ஏறத்தாழ 23 கிலோகிராம். எனவே உலர்த்தி அகற்றவேண்டிய நீர் 26 கிலோகிராம்.

வாட்டல் 65% உடன் நின்றுவிட்டால் கொழுந்தின் நிறை 63 கிலோகிராம். அப்போது உலர்த்தி 40 கிலோகிராம் நீரை அகற்ற வேண்டும். மேலதிகமான 14 கிலோகிராமையும் ஆவியாக்குவது உலையிலிடும் விறகே. 1 கிலோகிராம் நீர் கொதிநிலையில் ஆவியாகச் சுமார் 2260 கிலோயூல் வெப்பம் தேவை என்பதை விஞ்ஞானப் பாடத்தில் கற்றிருப்பீர்கள்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மழையும் மூடுபனியும் மிகுவதால் காற்றின் ஈரப்பதன் உயரும். வாட்டல் தாமதமாகும். ஆகவே காற்றைச் சற்றுச் சூடாக்கிச் செலுத்த நேரிடும்.

2. கட்டுப்பாட்டு முறைமை

(அ) உள்ளீடு: வாட்டும் தொட்டியிலும் உலர்த்தியிலும் உள்ள உணரிகள் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் அளக்கும்.
(ஆ) முறைவழி: நுண்கட்டுப்படுத்தி அவ்வளவீடுகளை நிர்ணயித்த பெறுமானத்துடன் ஒப்பிடும்.
(இ) வெளியீடு: மின்விசிறியின் வேகமும் வெப்பக்காற்றின் அளவும் மாற்றப்படும்.
(ஈ) பின்னூட்டல்: மாற்றத்தின் விளைவை உணரிகள் மீண்டும் அளக்கும்.

குளிர்நாடுகளின் அலுவலகங்களில் அறையின் வெப்பநிலையைப் பேணுவதும் இதே தத்துவமே.

3. மின்விசிறியின் வேகம்

மின்விசிறிக்குத் தேவையான வலு, வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு விகிதசமமானது. வேகத்தை 80% ஆகக் குறைத்தால் தேவைப்படும் வலு 0.8 × 0.8 × 0.8 = 0.512. அதாவது ஏறத்தாழப் பாதி. வாட்டலின் பிற்பகுதியில் குறைந்த காற்றே போதுமாதலால், மோட்டாரின் வேகத்தை மாற்றும் இலத்திரனியல் சாதனம் மின்கட்டணத்தைப் பெரிதும் குறைக்கும்.

4. இதன் முக்கியத்துவம்

பறித்த கொழுந்து காத்திராது. 2022 மார்ச் 31 இல் நாட்டில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு அமுலானதை நினைவுகூருங்கள். குறைந்த சக்தியில் இயங்கும் தொழிற்சாலை அத்தகைய நெருக்கடியை ஓரளவு தாங்கும். எனினும் உணரி பழுதுற்றால் பிழையான அளவீடே கிடைக்கும். கொழுந்தைக் கையால் தொட்டும் மணத்தால் உணர்ந்தும் பதம் அறியும் தொழிலாளியின் அனுபவம் அப்போதும் இன்றியமையாதது.

நினைவிற் கொள்க: முதலில் வாட்டலைச் சீர்செய்க; விறகு தானே மிஞ்சும்.

பயிற்சி வினாக்கள்
1. பின்னூட்டல் என்றால் என்ன?
2. மின்விசிறியின் வேகம் 50% ஆனால் தேவைப்படும் வலு எத்தனை சதவீதம்?
3. மழைக்காலத்தில் விறகுச் செலவு உயர்வதற்கான காரணங்கள் இரண்டு தருக.